கீல் வைத்து அடைத்த ஆப்பிள் பீப்பாய்

சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
1932ஆம் வருஷம் ஜூன் மாதம் 19ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

என் மகன் தனிஸ்லாசுக்கு உன் நைனா லாசர் எழுதுவது. நானும் உன் அம்மாவும் தங்கச்சி ஃப்ளோரன்சும் ஆண்டவர் புண்ணியத்தில் கை கால் நோவில்லாமல், மூன்று வேளையும் சாப்பிட்டு, சாப்பிட்ட தெம்பில் ஒருவரோடு ஒருவர் சண்டையும் போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். நீயும் ரங்கூனில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் எங்களுக்கு நிம்மதி. கையெழுத்தைப் பார்த்து யாரோ எவரோ என்று நினைத்துவிடாதே, நான்தான். இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் உன் அம்மா சொல்லச் சொல்ல ஃப்ளோரன்ஸ் எழுதியது. அடியில் நைனாவும் உன்னை விசாரித்தார் என்று ஒரு வரி இருக்குமே, அது நான் சொன்னதில்லை, அவளாகச் சேர்த்தது. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது, நான் ஒரு வரி எழுதவில்லை. ஏன் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அந்தச் சாமான் படகில் தண்ணீர் ஏறி அரிசி மூட்டை நனைந்த அன்றைக்கு, பலகை இடுக்கில் நீ அடிச்ச அடைப்புத்தான் விட்டுப்போச்சு என்று கத்தி, கடற்கரையில் பதினோரு ஆள் பார்க்க உன்னைக் கை நீட்டி அடித்தேன். அடுத்த வாரமே நீ கப்பல் ஏறிவிட்டாய். இப்போது என்னை எழுத வைத்தது ஃப்ளோரன்சின் கல்யாணம். ஆமாம்பா, நிச்சயம் ஆகிவிட்டது. ஆகஸ்டு மாதம் மாதா மோட்சத் திருநாள் கழித்து பதினேழாம் தேதி புதன்கிழமை காலைப் பூசையில் கல்யாணம். கோயில் புத்தகத்தில் பெண் வீட்டுச் சாட்சிக் கையெழுத்து நீதான் போடவேண்டும், அண்ணன் வராவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். அண்ணன் வருவது அண்ணன் கையில் இல்லை, உங்க கையில் கீது நைனா என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அதனால் எழுதுகிறேன். ஆனால் நேராக அந்த விஷயத்துக்கு வர எனக்குத் தெரியாது, முதலில் ஒரு பீப்பாயின் கதையைச் சொல்கிறேன், அதைச் சொன்னால்தான் மற்றது எனக்குச் சொல்ல வரும். கொஞ்சம் பொறுமையாகப் படி.

மே மாதக் கடைசியில் ஆஸ்திரேலியாவில் இருந்து ஒரு கப்பல் வந்து நின்றது. அதன் உயிர்காக்கும் படகு ஒன்று வெயிலில் காய்ந்து பலகை இடுக்கெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறது என்று எனக்கு ஆள் அனுப்பினார்கள். இடுக்கில் சணலைத் திணித்துக் கீல் காய்ச்சி ஊற்றும் கலப்பத்து வேலைக்கு இந்தக் கரையில் லாசரை விட்டால் வேறு ஆள் ஏது என்று நான் சொல்லக்கூடாது, மற்றவர்கள் சொல்கிறார்கள். இரண்டு நாள் வேலை. அந்தக் கப்பலின் தச்சன் ஒரு வெள்ளைக்காரன், செம்பட்டைத் தாடி, பெரிய துரை எல்லாம் இல்லை, நம்மைப் போலக் கொட்டாப்புளி பிடித்துக் காய்த்த கை. நான் அடிப்பதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தான், வேலை முடிந்ததும் படகில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான், ஒரு சொட்டு கசியவில்லை. மனுஷனுக்குக் குஷி வந்து என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, கீழே கூட்டிக்கொண்டு போய் மூன்று பெட்டி ஆப்பிளைக் காட்டினான். கப்பலின் ஐஸ் அறை பழுதாகி ஒன்று பாதி அழுகியும் அடிபட்டும் போன பழம், கடலில் கொட்ட வைத்திருந்தார்களாம், நீ எடுத்துக்கொண்டு போ என்றான். இவ்வளவையும் நாங்கள் எப்படித் தின்பது என்று கையால் கேட்டேன். தின்னாதே, குடி என்றான். அவன் ஊரில் நமக்குத் தென்னை மாதிரி வீட்டுக்கு வீடு ஆப்பிள் மரமாம், பழத்தை இடித்துப் பிழிந்து பீப்பாயில் போட்டுப் புளிக்கவைத்து வருஷம் முழுக்கக் குடிப்பார்களாம், அதற்கு சைடர் என்று பேர். பாதி இங்கிலீஷ், பாதி துறைமுகத்து இந்துஸ்தானி, மீதி கை ஜாடை, இப்படித்தான் எனக்குப் பாடம் நடந்தது. ஒன்றை மட்டும் நாலு தடவை சொன்னான். பீப்பாயின் வாயை அடைக்காதே, ஈரத் துணியை மேலே தளரப் போட்டுவிடு, உள்ளே இருப்பது மூச்சு விடவேண்டும் என்று சொல்லி, கன்னத்தை இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டு டமார் என்று வெடித்துக் காட்டினான். எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் அவன் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்தேனே ஒழிய மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு சின்ன மரப் பீப்பாயையும் அவனே கொடுத்தான்.

மூன்று பெட்டியையும் பீப்பாயையும் மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினேன், தெருவே வேடிக்கை பார்த்தது. உன் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இன்னாய்யா இது, குழம்புக்கா பொரியலுக்கா என்றாள். விஷயத்தைச் சொன்னதும், இருபது வருசமா கள்ளுக்கடைப் பக்கம் போவாம இருந்த மன்சனுக்கு இப்போ இன்னா பைத்தியம் புட்சிகிச்சி என்று ஒரு பாட்டம் ஆடினாள். பழச்சாறுதானே மதலம்மா என்று அவளைச் சரிக்கட்டி வேலையை ஆரம்பித்தோம். அழுகினதை எல்லாம் வெட்டி எறிந்தோம், அடிபட்டது பரவாயில்லை என்று அவன் சொல்லியிருந்தான். பக்கத்து வீட்டு வரதன் தெரியுமே, என்னோடு கடற்கரையில் சணல் திரிப்பவன், அவனும் வந்து உரலில் போட்டு இடித்தான். இடித்ததை என் பழைய வேட்டியில் கொட்டி நானும் அவனும் ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கிப் பிழிந்தோம், இரண்டு குடம் சாறு வந்தது. கொஞ்ச நேரத்தில் சாறு துருப்பிடித்த நிறமாக மாறிவிட்டது. போச்சு, கெட்டுப் போச்சு என்று நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். ஃப்ளோரன்ஸ் ஒரு ஆப்பிளைக் கடித்து வைத்து, பாருங்க நைனா இதுவும் கறுக்குது, பழத்தோட குணமே அதுதான் என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. பிறகு சாறு ரொம்பப் புளிப்பாக இருக்கிறதே என்று நான் ஒரு வட்டு வெல்லத்தை நசுக்கிப் போட்டேன். நான் அந்தப் பக்கம் போனதும் உன் அம்மா, ஞாயிற்றுக்கிழமை ஆப்பத்துக்கு மாவு பொங்க வாங்கி வைத்திருந்த கள்ளில் ஒரு கரண்டியை யாரிடமும் சொல்லாமல் ஊற்றிவிட்டாள், எனக்கே பிறகுதான் தெரிந்தது. ஆப்பமே பொங்கும்போது இது பொங்காதா என்று அவள் கணக்கு. இத்தனைக்கும் மேல் நம் மெட்ராஸ் வெயில். அந்தத் தச்சன் சொன்ன ஊரில் பீப்பாய் மாதக் கணக்கில் மெதுவாக வேலை செய்யுமாம், இங்கே மறுநாள் விடிவதற்குள் பொங்க ஆரம்பித்துவிட்டது.

நுரை என்றால் நுரை, அப்படி ஒரு நுரை. ஈரத் துணியைத் தள்ளிக்கொண்டு வெளியே வழிந்தது. அதுகூடப் பரவாயில்லை மகனே, அந்தச் சத்தத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உஸ்ஸ் உஸ்ஸ் என்று இரவும் பகலும். முப்பத்திரண்டு வருஷமாக நான் செய்கிற வேலையே பலகையில் காதை வைத்து அந்தச் சத்தம் இருக்கிறதா என்று கேட்பதுதானே, உஸ் என்றால் எங்கேயோ கடல் உள்ளே வருகிறது என்று அர்த்தம். என் வீட்டிலேயே, என் கண் எதிரிலேயே, மரத்தால் செய்த ஒரு சாமான் உஸ் என்று கசிகிறது, நான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. இன்னாபா, புள்ளத்தாச்சி பொம்பளைக்குக் காவல் காக்கிறா மாதிரி குந்திகினு கீறே என்று வரதன் கிண்டல் பண்ணினான். சரக்கு காய்ச்சறவங்களைப் புடிக்கிற அப்காரிக்காரன் வந்தா உன்னை யார்னே தெரியாதுன்னு சொல்லிடுவேன் என்றும் சொல்லிவைத்தான், நல்ல தோஸ்து.

இந்த லட்சணத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை, அதாவது போன ஐந்தாம் தேதி, ஃப்ளோரன்சைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. மாப்பிள்ளை பேர் பிலவேந்திரன், பெரம்பூர் ரயில் பட்டறையில் பாய்லர் பிட்டர், நல்ல பையன் என்று நம் சாமியாரே சொன்னார். உனக்குத்தான் தெரியுமே, இதற்கு முன்னால் வந்த இரண்டு இடமும் தட்டிப் போனது. ஒருவன் பெண் கறுப்பு என்றான். இன்னொருவனிடம் இவள் நீங்கள் பேப்பர் படிப்பீர்களா என்று கேட்டுவிட்டாள், பெண்ணுக்கு வாய் நீளம் என்று சொல்லி எழுந்து போய்விட்டார்கள். அவளுக்கும் இருபத்து நாலு ஆகிறது. இந்தப் பிலவேந்திரனை அவள் போன வருஷம் கோயில் திருநாளில் தேர் வடம் பிடிக்கும்போது பார்த்திருக்கிறாள், பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா செபமாலையார் யார் தெரியுமா, பெரம்பூர்க் கோயிலில் குடி ஒழிப்புச் சபைக்குக் காரியதரிசி. குடிக்கிற வீட்டில் கை நனைக்கமாட்டார், பெண்ணும் எடுக்கமாட்டார். என் வீட்டுக் கூடத்திலோ ஒரு பீப்பாய் நிறையப் புளித்த சரக்கு, தெருமுனைவரை வாடை. உன் அம்மா, வரதன் வூட்ல கொண்டுபோய் வையி என்று கெஞ்சினாள். அசைத்தால் அடிமண்டி கலங்கிவிடும், அசைக்காதே என்று தச்சன் சொல்லியிருக்கிறான் என்று நான் வீம்பு பண்ணினேன். வாடைதானே உனக்குக் கவலை, சத்தம்தானே எனக்குக் கவலை, இரண்டுக்கும் சேர்த்து நான் வழி பண்ணுகிறேன் பார் என்று சொல்லி, சனிக்கிழமை சாயங்காலம் பீப்பாயின் வாயில் ஒரு கட்டையைச் செதுக்கி இறக்கி, சுற்றிலும் சணலைத் திரித்து உளி வைத்து அடித்து, மேலே கீலைக் காய்ச்சி ஊற்றினேன். அவ்வளவுதான், கப்சிப். காதை வைத்துப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். என் ஆயுசில் அவ்வளவு நல்ல அடைப்பு நான் அடித்ததில்லை என்று வரதனிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவன் அம்மா, செபமாலையார். அவர் வெள்ளைக் கோட்டும் அதில் சபையின் பித்தளைப் பதக்கமும் போட்டுக்கொண்டு கூடத்துப் பெஞ்சில் நட்ட நடுவில் உட்கார்ந்தார். அதே பெஞ்சுக்குக் கீழேதான் பீப்பாய், மேலே உன் அம்மாவின் பழைய போர்வை மூடியிருக்கிறது. ஃப்ளோரன்ஸ் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். செபமாலையார் குடியின் தீமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், நல்ல பேச்சாளி, நிறுத்தவே இல்லை. நான் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் கேட்டது. கிர்ர் என்று ஒரு முனகல். பாரம் தாங்காமல் பலகை முனகுமே அந்த மாதிரி. நான் பலமாக இருமினேன். மறுபடியும் கிர்ர். நான் மறுபடியும் இருமினேன். உடம்பு சரியில்லையா என்று செபமாலையார் கேட்டார். கடல்காத்து சம்பந்தி என்று சொன்னேன், நிச்சயம் ஆவதற்கு முன்னாலேயே சம்பந்தி என்று வாய் குழறிவிட்டது, வேர்த்துக் கொட்டுகிறது எனக்கு. ஆனால் மாப்பிள்ளைப் பையன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்கிறான். நான் எப்படிப் பலகையில் காது வைத்துக் கேட்பேனோ, அதே மாதிரி.

திடீரென்று எழுந்தான். நைனா, எழுந்து அந்தாண்ட போங்க என்றான் தன் அப்பாவிடம். அவர் பேச்சின் நடுவில் இருந்தார், எழுந்திருப்பாரா, கையமர்த்திவிட்டு மேலே பேசினார். பையன் அவரை இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கி அந்தப் பக்கம் நிறுத்திவிட்டுப் பெஞ்சை நகர்த்தினான். மாமா, இதுல இன்னா கீது என்று கேட்டான். ஊறுகாய் என்றேன் நான். ஆண்டவர் மன்னிப்பாராக. அவன் போர்வையை எடுத்துவிட்டுப் பீப்பாயின் மேல் உள்ளங்கையை வைத்தான், ஜுரம் பார்ப்பது போல. உள்ளே ஏகப்பட்ட பிரஷர் கீது மாமா, இன்னும் கொஞ்ச நேரத்துல வெடிச்சி பலகை எல்லார் மூஞ்சியிலும் பறக்கும், ஜல்தியா ஈரச் சாக்கும் உளியும் குடுங்க என்றான். நான் மரம் மாதிரி நிற்கிறேன். ஃப்ளோரன்ஸ்தான் உள்ளே ஓடி ஈரச் சாக்கும் என் உளியும் கொட்டாப்புளியும் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள், கொடுத்துவிட்டு ஒதுங்கவும் இல்லை, பீப்பாயை அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் கட்டையை நெம்பிப் பார்க்கிறான், அசையவில்லை. அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருந்ததா, அது வராது தம்பி, நான் அடிச்சது என்றேன். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அவன் சாக்கை மேலே போட்டு, ஓரமாக உளியை வைத்து மூன்றே அடி. டமார்! கட்டை சாக்கையும் தூக்கிக்கொண்டு மேலே கிளம்பிக் கூரை ஓட்டை உடைத்துக்கொண்டு போய்விட்டது. பின்னாலேயே பீச்சியடித்தது பார் சைடர், உத்தரம் வரைக்கும். மாதா படம், உன் அம்மாவின் பட்டுச் சேலை, தட்டில் இருந்த முறுக்கு, எல்லாம் நாஸ்தி. செபமாலையார் தலையில் இருந்து கால்வரை சொட்டச் சொட்ட நின்றார், பதக்கத்தில்கூட நுரை.

ஓட்டில் இருந்து சொட்டுகிற சத்தம்தான் கேட்டது. அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு கையை மூக்கில் வைத்துப் பார்த்தார். இது இன்னா லாசர் என்று என்னைக் கேட்டார். ஊறுகாய்க்கு ஊற்றும் காடி என்று சொல்லு என்று உன் அம்மா கண்ணாலேயே கெஞ்சுகிறாள். சொல்லியிருந்தால் நம்பியும் இருப்பார். எனக்கும் அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஃப்ளோரன்சைப் பார்த்தேன். முகமெல்லாம் சாறு வழிய, போச்சு இந்த இடமும் போச்சு என்று அவள் நிற்கிறாள், ஆனால் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை, நைனா இன்னா சொல்லப்போகிறார் என்று பார்க்கிறாள். அதே பார்வையை நான் முன்னால் ஒரு தடவை பார்த்திருக்கிறேன் தனிஸ்லாஸ், கடற்கரையில், உன் முகத்தில், உன்னை அடித்த பிறகு. அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை. ஐயா, இது புளித்த ஆப்பிள் சாறு, குடித்தால் போதை ஏறும், அடைக்காதே என்று சொல்லிக் கொடுத்தவன் நாலு தடவை சொன்னான், என் கைத்திமிரில் நான் அடைத்தேன், பிறகு உங்களுக்குப் பயந்து அதை மறைத்தேன், தப்பு முழுக்க என் மேலே, இதில் என் பொண்ணுக்குச் சம்பந்தம் இல்லை என்று சொன்னேன். ஐம்பத்து நாலு வயதில் தப்பு என் மேலே என்று நாலு பேர் எதிரில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் எனக்கே ஆச்சரியம், ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை.

செபமாலையார் பெஞ்சைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நானும் இத்தோட நாலு வூட்ல பொண்ணு பார்த்துட்டேன் லாசர், நாலு வூட்லயும் எங்க வூட்ல ஒரு சொட்டு கிடையாதுன்னு சத்தியம் பண்ணாங்க, ரெண்டு வூட்ல கொல்லைப்பக்கம் சாராய புட்டியை என் கண்ணால பார்த்தேன், தலை மேலயே ஊத்திட்டு உண்மையைச் சொன்னது நீ ஒருத்தன்தான் என்றார். சொல்லிவிட்டு அவருக்கே அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் யார் அடக்குவது, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கல்யாணப் பந்தியில் ஒரு சொட்டு குடி இருக்கக்கூடாது, அது ஒன்றுதான் அவர் போட்ட கண்டிஷன், சரி என்று சத்தியம் பண்ணிவிட்டேன். அவர் மீசையை இரண்டு தடவை நக்கினார் என்று உன் அம்மா அடித்துச் சொல்கிறாள், நான் பார்க்கவில்லை. மாப்பிள்ளை போகும்போது ஃப்ளோரன்சிடம், எப்பவும் இப்படித்தான் ஒதுங்காம நிப்பியா என்று கேட்டானாம், அவள், நீங்க பேப்பர் படிப்பீங்களா என்று கேட்டாளாம், படிப்பேன் என்றானாம். மூன்று வாரம் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க நாளும் குறித்தாகிவிட்டது.

மறுநாளே பிலவேந்திரன் பட்டறையில் இருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் கொண்டுவந்தான். பீப்பாயில் மீதி இருந்த பாதிக்குப் புதிதாக ஒரு கட்டை போட்டு, அதில் ஓட்டை துளைத்துக் குழாயைச் செருகி, மறுமுனையை ஒரு சொம்புத் தண்ணீருக்குள் விட்டுவிட்டான். உள்ளே இருக்கும் காற்று குமிழ் குமிழாக வெளியே வரும், வெளிக்காற்று உள்ளே போகாது. பாய்லர்ல நாங்க இறுக்கி அடைக்கிறதுக்கு முன்னாடி, ஆவி வெளியே போவ வழி கீதான்னுதான் மொதல்ல பார்ப்போம் மாமா என்றான். என் வேலையில் தண்ணீரை உள்ளே வரவிடக்கூடாது, அவன் வேலையில் ஆவியை வெளியே விடவேண்டும், நான் இத்தனை வருஷம் இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று யோசித்ததே இல்லை. டுப் டுப் என்று அந்தச் சொம்பில் குமிழ் வருவதைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். குமிழ் நின்றதும் ஆறு புட்டி பிடித்தோம். முதல் வாய் குடித்த வரதன், இன்னாபா இது, கள்ளுக்கு ஜுரம் வந்தா மாதிரி கீது என்றான், ஆனால் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் துவர்ப்பு, நல்ல புளிப்பு, நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று ஒரு பிடி. அவ்வளவு வெல்லம் போட்டிருக்கக்கூடாது, இனி இன்னொரு தடவை செய்தால் உன் அம்மாவின் கள்ளுக் கரண்டியை ஒளித்து வைத்துவிட்டுத்தான் செய்வேன். இருபத்தொன்பதாம் தேதி இராயப்பர் திருநாள், அன்றைக்கு மீன்குழம்போடு இரண்டு புட்டி வீட்டுக்குள் மட்டும் திறக்கப் போகிறோம், கல்யாணப் பந்திக்குத்தானே சத்தியம் பண்ணினேன்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் படகில் தண்ணீர் ஏறியது உன் அடைப்பில் இல்லை. நீ கப்பல் ஏறிய மறுநாள் நான் படகைக் கரையேற்றி இடுக்கைப் பிரித்துப் பார்த்தேன். இடது கைக்காரன் நான், என் சணல் முறுக்கு எதிர்ப்பக்கமாக இருக்கும் என்று உனக்குத் தெரியும். விட்டுப்போன இடத்தில் இருந்தது என் முறுக்கு. உன் பக்கம் பொட்டுத் தண்ணீர் இல்லை. பார்த்ததும் மறுபடியும் அடைத்து, கீலை ஊற்றி, ஒருவருக்கும் சொல்லாமல் மூன்று வருஷம் வைத்திருந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் போன மறுநாள் திங்கட்கிழமை, கடற்கரையில் எல்லோரும் கஞ்சி குடிக்க உட்கார்ந்த நேரத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன், என் மகனை நான் அடித்தது அநியாயம், தப்பு என்னுடையது என்று. பதினோரு பேரில் இரண்டு பேர் இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், மீதி ஒன்பது பேரும் இருந்தார்கள். ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. எங்க எல்லாருக்கும் அன்னிக்கே தெரியும் லாசரு என்றான் வரதன். அது மட்டுமா, உன் புள்ளைக்கும் தெரியும், படகுக்குள்ள எறங்கி மொதல்ல பார்த்ததே அவன்தான், உன் மானம் போவக்கூடாதுன்னுதான் அடியை வாங்கிகினு வாயைத் தொறக்காம போனான் என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது மகனே, அங்கேயே மணலில் உட்கார்ந்து வெட்கப்படாமல் அழுதேன். நீ எனக்காக வாயை மூடிக்கொண்டாய். நான் எனக்காகவே மூடிக்கொண்டிருந்தேன். என்னை மன்னித்துவிடு. அடித்ததற்கும் மன்னித்துவிடு, இத்தனை நாள் எழுதாததற்கும் மன்னித்துவிடு. தகப்பன் மகனிடம் இப்படிக் கேட்கலாமா என்று எனக்குத் தெரியாது, கேட்டுவிட்டேன்.

மழைக்காலத்தில் அங்கே காய்ச்சல் அதிகம் என்று கேள்விப்படுகிறேன், கொய்னா மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள், ஈரச் சட்டையோடு வேலை செய்யாதே, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே. உன் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, பிடுங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறாள், நீ எழுதினால் கேட்பாள். ஓட்டில் விழுந்த ஓட்டையை நான் இன்னும் அடைக்கவில்லை, மழை வருவதற்குள் அடைத்துவிடு என்று அவள் தினமும் கத்துகிறாள். ஆகஸ்டு முதல் வாரம் கிளம்பும் கப்பலைப் பிடித்தால் பத்தாம் தேதிக்குள் வந்துவிடலாம். உனக்கென்று ஒரு புட்டி தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அதை மூடியது மாப்பிள்ளை, நான் இல்லை, பயப்படாமல் வா.

இராயப்பரும் மாதாவும் உன்னைக் கைவிடாமல் காப்பார்களாக. உனக்கு ஒரு குறையும் வராது. உன் அம்மாவும் தங்கச்சியும் முத்தம் சொல்கிறார்கள், இந்தத் தடவை நைனாவும் உன்னை விசாரித்தார், இதை அவரே எழுதுகிறார். ஒன்று மறந்துவிட்டேன். அந்தச் சாமான் படகு இன்னும் ஓடுகிறது. என் பக்கத்தை இரண்டு தடவை பிரித்து அடித்தாகிவிட்டது, உன் பக்கத்தில் நான் கை வைக்கவில்லை, நீ அடித்தது அப்படியே இருக்கிறது. நேற்றுக்கூடக் காதை வைத்துக் கேட்டேன், ஒரு சத்தமும் இல்லை.

இப்படிக்கு,
உன் வரவுக்குத் துறைமுகத்தில் காத்து நிற்கப்போகும் நைனா,
லாசர்.